கால் நீட்ட எவ்வளவு கொடுக்கலாம்?

மெல்போர்ன் நகருக்குப் புறப்பட ஐந்து நாள்களே இருந்தன. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துப் பார்த்துக் கொண்டிருந்த வேளையில், விமான நிறுவனத்தாரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்து சேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் வரையிலான இரவுப் பயணத்திற்கு ஆளுக்கு 26,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால், எக்கானமி வகுப்பிலிருந்து பிரீமியம் எக்கானமிக்கு மாறிக் கொள்ளலாம் என்றும், 85,000 ரூபாய் செலுத்தினால் படுக்கையாக விரியும் இருக்கை கொண்ட பிசினஸ் வகுப்பே கிடைக்கும் என்றும் அதில் கண்டிருந்தது. நாங்கள் மூவர்: நான், என் துணைவியார், எழுபத்து நான்கு வயதான என் தமக்கையார். அக்காளுக்கு இரு முழங்கால்களிலும் தேய்மானம். மெல்போர்னில் இருப்பது அவருடைய மகள். பன்னிரண்டு நாள் விடுமுறைக்காகவே இந்தப் பயணம்.

செய்தி அறிந்ததும் மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மாவுக்கு மட்டுமாவது எடுத்து விடுங்கள், பணத்தை நான் அனுப்பி விடுகிறேன்" என்றாள். நல்ல யோசனையாகவே பட்டது. ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. மூவருக்கும் ஒரே முன்பதிவு எண்ணில் சீட்டு எடுத்திருந்தோம். வகுப்பு மாற்றும் இத்தகைய சலுகைகள் பெரும்பாலும் அந்த எண்ணில் அடங்கிய அனைவருக்கும் சேர்த்தே வழங்கப்படுகின்றன. ஒருவருக்கு மட்டும் வேண்டுமெனில், முதலில் நிறுவனத்தாரை அழைத்து முன்பதிவைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது சிக்கல் அக்காளே. "தம்பி, திரைக்கு அந்தப் பக்கம் என்னைத் தனியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் இங்கே இருப்பீர்களா? அந்த நாற்காலியின் பொத்தானை எனக்கு யார் அழுத்தித் தருவார்? வேண்டவே வேண்டாம்" என்று முடித்து விட்டார். "மதினி சொல்வதும் சரிதானே" என்றார் என் துணைவியார்.

மூவருக்குமாகச் சேர்த்தால் 78,000 ரூபாய். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து மெல்போர்னுக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம். மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் உணவுக்குமாக இரண்டு மணி கழிந்தால், உறங்கக் கிடைப்பது ஐந்தரை மணி. அப்படியானால் பிரீமியம் எக்கானமியில் ஒருவர் கண்ணயரும் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 4,700 ரூபாய்! பிசினஸ் வகுப்பில் மணிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேல். அவ்வளவு விலையுயர்ந்த உறக்கம் நமக்குத் தகாது என்று முடிவு செய்து, மின்னஞ்சலை அழித்தேன். பெரிய விவேகம் காட்டிவிட்டதாக உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. அந்தக் கணக்கில் இருந்த பிழை எனக்கு மெல்போர்ன் சென்ற பிறகே விளங்கிற்று.

யாருக்காகச் செய்த நாற்காலி?

இந்த வகுப்புகள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தால், அவற்றின் விலையும் விளங்கும். 1952-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்களில் 'டூரிஸ்ட்' வகுப்பு என்னும் குறைந்த கட்டண வகுப்பு புகுந்தது; 1958-இல் அதனினும் மலிவான எக்கானமி வந்தது. பிசினஸ் வகுப்பு 1970-களின் இறுதியில் தோன்றியது. முழுக் கட்டணம் செலுத்தி அலுவலாகப் பறப்பவர்கள், சலுகைக் கட்டணத்தில் சுற்றுலா செல்வோரோடு நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறதே என்று முறையிட்டதன் விளைவு அது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் பிசினஸ் வகுப்பிலேயே முற்றிலும் தட்டையாக விரியும் படுக்கையை அமைத்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எக்கானமியை 1990-களின் தொடக்கத்தில் தைவான் நாட்டின் ஈவா ஏர், பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் ஆகிய நிறுவனங்கள் கொண்டு வந்தன. இந்தியாவில் 2015-இல் விஸ்தாரா அதைத் தொடங்கிற்று. அந்நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்து விட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? பிசினஸ் வகுப்பின் விலை, சீட்டுக்குத் தம் கைப்பணம் கொடுக்காதவரை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டது. இறங்கிய ஒரு மணி நேரத்தில் அவர் கூட்டத்திற்குச் சென்று பேச வேண்டும். அவருடைய ஓர் இரவு உறக்கத்திற்கு அவருடைய கம்பெனி விலை கொடுக்கிறது. விடுமுறைக்குச் செல்லும் நமக்கோ, இறங்கியதும் உறவினர் வீட்டுக் கட்டில் காத்திருக்கிறது. ஆகவே அவருக்குத் தகுந்த விலை நமக்கும் தகுமென்று கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு செலவையும் குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் எக்கானமி சீட்டுக்குச் சரக்கு, சேவை வரி 5 விழுக்காடு. ஏனைய எல்லா வகுப்புகளுக்கும் அது 12 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாக உயர்ந்து விட்டது. பிரீமியம் எக்கானமியும் இதில் அடங்கும். எனவே சீட்டு எடுக்கும் போதே இரு வகுப்புகளின் கட்டணங்களையும் வரியோடு சேர்த்து ஒப்பிடுவது நல்லது. சில வேளைகளில் எக்கானமிச் சீட்டு, கூடுதல் மூட்டைக்கான கட்டணம், இருக்கை தேர்வுக் கட்டணம், பின்னர் வகுப்பு மாற்றம் என்று தனித்தனியே கொடுப்பதைவிட, தொடக்கத்திலேயே பிரீமியம் எக்கானமி எடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும். ஏலம் கேட்பது போல நாமே ஒரு தொகையைக் குறிப்பிடச் சொல்லும் முறையும் இப்போது பல நிறுவனங்களில் உண்டு. நாம் குறிப்பிடும் தொகை ஒருவருக்கு, ஒரு கட்டப் பயணத்திற்கு என்பதையும், ஏற்கப்பட்டபின் அது பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது என்பதையும் படித்த பின்னரே பொத்தானை அழுத்துதல் வேண்டும்.

சன்னலோரத்து அன்பு

எங்கள் கதைக்குத் திரும்புவோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலேகால் மணி நேரம்; பகல் பயணம்; சிரமம் ஏதுமில்லை. இரவு விமானத்தில் ஏறியதும், "அக்கா, நீங்கள் சன்னலோரம் அமருங்கள்; விடியும்போது மேகத்தைப் பார்க்கலாம்" என்று அன்போடு இடம் விட்டேன். அவரும் மகிழ்ந்தார். அதன் பின் மெல்போர்ன் வரை எழுந்திருக்கவேயில்லை. உறங்கிக் கொண்டிருக்கும் எங்கள் இருவரையும் எழுப்ப மனம் வரவில்லையாம்! எழ வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையும் தவிர்த்திருக்கிறார். இறங்கும்போது கால்களிரண்டும் வீங்கிச் செருப்பினுள் நுழையவில்லை. முழங்கால்கள் மரக்கட்டையாக இறுகி விட்டன. பன்னிரண்டு நாள் விடுமுறையில் முதலிரண்டு நாள்கள் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மருமகள் அவருக்காகவே விடுப்பு எடுத்திருந்த நாள்கள் அவை.

மருத்துவர் வந்து பார்த்து, அஞ்சத்தக்க இரத்தக்கட்டி ஏதுமில்லை என்றார். அத்துடன் எனக்கு ஒரு பாடமும் நடத்தினார். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்வோருக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது. எனினும் நல்ல உடல்நிலை உள்ளவர்களுள் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே அது நேரிடுகிறது. பேருந்து, இரயில், கார் ஆகியவற்றில் நெடுந்தொலைவு செல்வோருக்கும் இது பொருந்தும். 'எக்கானமி வகுப்பு நோய்' என்று இதைச் சிலர் அழைப்பது பொருத்தமன்று. அசையாதிருந்தால் பிசினஸ் வகுப்பிலும் அது வரும். 2012-இல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், எக்கானமியில் செல்வதே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று கூறிற்று. ஆனால் சன்னலோர இருக்கையை அபாயத்தைக் கூட்டும் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. அங்கே அமர்பவர் எழுந்து நடப்பது குறைவல்லவா? நான் அன்பென்று எண்ணிக் கொடுத்த இடமே அக்காளைக் கட்டிப் போட்டு விட்டது.

என் கணக்கின் பிழை யாதெனில், உறங்கும் மணிகளை எண்ணினேனேயன்றி, போய்ச் சேர்ந்தபின் இழக்கக்கூடிய நாள்களை எண்ணவில்லை. என் துணைவியாருக்கும் எனக்கும் அந்த ஓரிரவு ஒரு பொருட்டன்று. மறுநாள் நண்பகல்வரை தூங்கி எழுந்து விட்டோம். மூவரையும் ஒரே நிறையில் வைத்துக் கணக்கிட்டதால், தேவையுள்ள ஒருவருடைய தேவை, தேவையற்ற இருவருடைய செலவுக்குள் மறைந்து போயிற்று. முன்பதிவைப் பிரித்து, அக்காளுக்கும் அவர் துணைக்கென்று என் துணைவியாருக்கும் மட்டும் 52,000 ரூபாய் கொடுத்திருக்கலாம். திரைக்கு இந்தப் பக்கம் நான் தனியே இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அதற்காக, பணம் கொடுத்திருந்தால் வீக்கமே வந்திராது என்றும் சொல்ல மாட்டேன். பிரீமியம் எக்கானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 38 அங்குலம் இருக்கும். எக்கானமியில் 31 அல்லது 32. அகலம் ஓரிரு அங்குலம் கூடுதல். முதுகும் சற்று அதிகமாகச் சாயும். முழங்காலை மடக்கி நீட்ட அது பேருதவி. ஆயினும் அது நாற்காலியே. கால் தொங்கிக் கொண்டுதான் இருக்கும். உடலைக் கிடத்துவது பிசினஸ் வகுப்புப் படுக்கை ஒன்றே. காற்றோ எல்லா வகுப்புகளுக்கும் பொதுவானது. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலைமேல் இருப்பது போல் குறையலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய புதிய விமானங்களில் ஆறாயிரம் அடி அளவுக்கே. முதல் வகுப்பில் இருப்பவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தொண்டை ஒன்றுபோலவே வறளும். ஆகவே எந்த வகுப்பு என்பதோடு எந்த விமானம் என்றும் கேட்டுக் கொள்வது நன்று.

குறுகிய பயணங்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. ஐரோப்பாவிற்குள், உரோமையிலிருந்து லிஸ்பனுக்குப் பறப்பது போன்ற பயணங்களில், பல நிறுவனங்களின் பிசினஸ் வகுப்பு என்பது அதே எக்கானமி நாற்காலிதான். நடு இருக்கையைக் காலியாக விட்டு, உணவை நன்றாகப் பரிமாறுவார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம். வகுப்பு உயர்த்தி அமர்ந்து, கச்சையை மாட்டி, பழரசம் குடித்து முடிப்பதற்குள் தரை தெரியும். பார்க்க வேண்டியவை நெடிய இரவுப் பயணங்களே. இரு கட்டமாகச் செல்வதாயின், நீண்டதும் இரவில் அமைவதுமான கட்டத்திற்கு மட்டும் செலவிடுதல் போதும்.

திரும்பி வரும் வழியில்

திரும்பும்போது அக்காளுக்கு நடைவழி ஓரத்தில் இடம் கேட்டு வாங்கினோம். முன்னால் தடுப்புச் சுவர் உள்ள முதல் வரிசைக்கு ஆளுக்கு ஐந்தாயிரம் ரூபாய் கூடுதலாயிற்று. கால் நீட்ட இடம் தாராளம்; ஆனால் அங்கே கைப்பையைக் காலடியில் வைக்க விடுவதில்லை, உணவுத் தட்டு கைப்பிடிக்குள்ளிருந்து வருவதால் கைப்பிடியை உயர்த்தவும் இயலாது. குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அதுவே. அன்று எங்களுக்கு வாய்த்த குழந்தை, நல்ல குரல்வளம் உடையது. அவசர வழி அருகிலுள்ள விசாலமான இருக்கைகளை அக்காளுக்குக் கேட்டுப் பயனில்லை. ஆபத்து நேர்ந்தால் கதவைத் திறந்து உதவ வல்லவர்களுக்கே அவற்றைக் கொடுப்பர். சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம்; அதற்குக் கட்டணமில்லை.

சிங்கப்பூரை இரவில் அடைந்தோம். சென்னை விமானம் மறுநாள் காலையில்தான். சாங்கி விமான நிலையத்தில், குடிநுழைவுச் சோதனையைக் கடக்காமலேயே சில மணி நேரத்திற்கு அறை எடுத்துத் தங்கும் விடுதி உண்டு. எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலாயிற்று. அக்காளும் என் துணைவியாரும் அங்கே வெந்நீரில் குளித்து, கட்டிலில் கால் நீட்டி ஆறு மணி நேரம் உறங்கினார்கள். வானத்தில் 85,000 ரூபாய் விலை சொன்ன அதே படுக்கை! நான் வெளியே நாற்காலிகளை இணைத்துப் படுத்துக் கொண்டேன். சென்னையில் இறங்கியபோது அக்காளின் செருப்பு காலில் சரியாகவே பொருந்தியது.

இப்போது அக்காளுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்தேறி விட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் வரவேண்டும் என்று மருமகள் அழைக்கிறாள். எங்களால் உடன் செல்ல இயலாது. இரவுக் கட்டத்திற்குப் பிசினஸ் வகுப்பே எடுப்பது என்று மகள் சொல்ல, இம்முறை நானும் மறுக்கவில்லை. அக்காள் மட்டும், "அந்தப் பொத்தான்..." என்று தொடங்கினார். மருமகள் தொலைபேசியிலேயே அந்த இருக்கையின் படத்தை அனுப்பி, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நகரும் என்று தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாள்தோறும் ஒருமுறை பார்த்து வைக்கிறார்.