அரிப்பும் மஞ்சள் கண்ணும்

பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது பொம்மனஹள்ளி. அங்கே கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகள் பல உண்டு. தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அங்கே தையல் மெஷினில் வேலை செய்யும் ஓர் அக்காவை நினைத்துப் பார்ப்போம். வயது 45. ஆறு மாதமாக உடம்பு அரிக்கிறது. சொறி இல்லை. தடிப்பும் இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. இரவில் தூக்கம் இல்லை. பகலில் ஒரே களைப்பு. துணித் தூசிதான் காரணம் என்று களிம்பு பூசுகிறார்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வயது 32. ஆட்டோ ஓட்டுகிறார். அடிக்கடி வயிற்றுப்போக்கு. அதில் ரத்தம். இப்போது கண் மஞ்சளாகிவிட்டது. குளிர் காய்ச்சலும் வருகிறது. "குடிச்சுக் குடிச்சுக் கெட்டுப்போனான்" என்கிறது தெரு. அவர் குடிப்பதே இல்லை.

இருவருக்கும் கோளாறு ஒரே இடத்தில் இருக்கலாம். அது பித்தநீர்க் குழாய்.

பித்தநீர் என்றால் என்ன?

வலது விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அது பித்தநீரைச் சுரக்கிறது. எண்ணெய், நெய் போன்றவை செரிக்க அது உதவும். கல்லீரலுக்குள் மெல்லிய குழாய்கள் பல உள்ளன. அவை சேர்ந்து பெரிய குழாய் ஆகின்றன. அதன் வழியே பித்தநீர் சிறுகுடலுக்குப் போகிறது.

வாய்க்கால் அடைத்தால் வயலில் தண்ணீர் தேங்கும். பயிர் அழுகும். குழாய் அடைத்தாலும் அப்படித்தான். பித்தநீர் தேங்கும். கல்லீரல் கெடும். அரிப்பும் மஞ்சளும் வரும்.

குழாய் ஏன் கெடுகிறது?

நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது கிருமிகளை அழிக்கும். சிலருக்கு அது தடம் மாறிச் சொந்தக் குழாயையே தாக்குகிறது. ஊர்க் காவல்காரர் நம் வீட்டுக் கதவையே உடைப்பது போல. இது குடியால் வருவதல்ல. தொட்டால் ஒட்டுவதும் அல்ல.

இரண்டு நோய்கள்

முதல் நோயின் பெயர் பி.பி.சி. இது கல்லீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களைத் தாக்கும். பெரும்பாலும் நடு வயதுப் பெண்களுக்கு வரும். அரிப்பு, களைப்பு, கண்ணும் வாயும் உலர்தல் இதன் அடையாளங்கள். ஏ.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் 10 பேரில் 9 பேருக்குத் தெரிந்துவிடும். இதற்கு 'அர்சோ' வகை மாத்திரை உண்டு. காலமெல்லாம் சாப்பிட வேண்டும். ஆரம்பத்திலேயே தொடங்கினால் பலரும் நெடுநாள் நலமாக வாழலாம்.

இரண்டாவது நோயின் பெயர் பி.எஸ்.சி. இது பெரிய குழாய்களையும் தாக்கும். குழாய் அங்கங்கே சுருங்கிப் பாசிமணி மாலை போல ஆகும். ஆண்களுக்கே அதிகம் வரும். பலருக்குப் பெருங்குடலில் புண்ணும் இருக்கும். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேன் வேண்டும். இந்த நோயை நிறுத்தும் மருந்து இன்னும் உறுதியாகக் கிடைக்கவில்லை. சுருங்கிய குழாயை டாக்டர்கள் விரித்துவிடுவார்கள். இதில் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. அதனால் குடலையும் குழாயையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.

கல்லீரல் மிகவும் கெட்டால் மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம். 1998இல் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்குத் தில்லியில் அப்படிச் செய்தார்கள். அதற்குப் பிறவியிலேயே பித்தநீர்க் குழாய்க் கோளாறு. தந்தை தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டர் ஆனது.

நாம் என்ன செய்வது?

இவை அரிய நோய்கள். மஞ்சள் காமாலைக்கு வேறு காரணங்களே அதிகம். ஆனால் எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கீழாநெல்லி குடித்துக் காத்திருக்க வேண்டாம். சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். தடிப்பில்லாத அரிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். கண் மஞ்சளானால் உடனே போங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அந்த அக்காவுக்குக் களிம்பு போதாது. அந்தத் தம்பிக்குப் பழி தீர்வாகாது. இருவருக்கும் வேண்டியது பரிசோதனை. இதைப் படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.