நாற்பத்தெட்டில் கிழவனா?

"வயது?"

"நாற்பத்தெட்டுங்க."

"ஆள் எடுத்தாச்சு. போய் வா!"

பழனிசெட்டிபட்டியிலிருந்து சைக்கிளை மிதித்து வந்த தொழிலாளிக்கு, நூற்பாலை வாயிலில் கிடைத்த விடை இது. எந்த ஆலை என்று கேட்காதீர், தோழர்களே! ஓர் ஆலையின் கதையென்றால் இங்கே எழுதவே வேண்டியதில்லை. இருபதாண்டுக் காலம் ரிங் பிரேமில் சைடு பார்த்தவர் அவர். இழை அறுந்தால் எத்தனை நொடியில் ஒட்டுவாய் என்று எவரும் கேட்கவில்லை. தலையில் நரை தெரிந்தது, போதும்!

அந்த ஊரின் வயலுக்கு வாருங்கள். லோயர்கேம்ப்பில் தொடங்கும் முல்லைப் பெரியாற்றின் இருபோகப் பாசனம், 14,707 ஏக்கர், பழனிசெட்டிபட்டியோடு முடிகிறது. நடவு நாளில் அறுபதைக் கடந்த தாய்மாரும் சேற்றில் குனிந்து நிற்கின்றனர். அங்கே வயதைக் கேட்பாரில்லை. அன்றாடக் கூலியோடு கணக்குத் தீரும் இடத்தில் கிழவியும் வேண்டும். சேமநிதியும் பணிக்கொடையும் தரவேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு வயதுக்காரரும் வேண்டாம்! வயதா பேசுகிறது இங்கே? பணம் பேசுகிறது.

"வயதானவன் கை மெதுவாகும்" என்பார் மேலாளர். மெதுவாகும்தான், மறைப்பானேன்? ஆனால், வேலையும் மெதுவாகுமா? அமெரிக்க உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ் 1984இல் இதை அளந்து பார்த்தார். 19 வயது முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களை உட்கார வைத்தார். முதியவர்களின் விரல் தனித்த சோதனையில் பின்தங்கியது. தட்டச்சு வேகமோ குறையவில்லை! காரணம், அவர்களின் கண் இளையவரைவிடச் சில எழுத்துகள் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கதிரில் இழை அறுமென்று முன்கூட்டியே அறிந்து நடக்கும் பழைய சைடரைப் பார்த்த தோழர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

இன்னொன்று கேளுங்கள். செருமனியில் டிங்கோல்பிங் என்றோர் ஊர். அங்குள்ள பி.எம்.டபிள்யூ. கார் ஆலையில் 2007இல் ஒரு வரிசை முழுவதையும் சராசரி 47 வயதுள்ளோரிடம் ஒப்படைத்தனர். என்ன குறை என்று அந்தத் தொழிலாளரையே கேட்டனர். சிமெண்டுத் தரைக்கு மேல் மரத்தளம் போட்டனர், முடிதிருத்தும் கடையில் உள்ளது போன்ற நாற்காலி தந்தனர், பூதக்கண்ணாடி வைத்தனர், திரையில் எழுத்தைப் பெரிதாக்கினர். இப்படி எழுபது சின்னஞ்சிறு மாற்றங்கள். மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தி 7 விழுக்காடு கூடிற்று! ஆளை மாற்றவில்லை, ஆலையை மாற்றினார்கள். முதலாளி இரக்கப்பட்டுச் செய்ததல்ல அது. இலாபக் கணக்குப் பார்த்தே செய்தது.

இந்தப் பாகுபாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டியவர் ராபர்ட் பட்லர் என்னும் மருத்துவர், ஆண்டு 1969. அதற்கு ஈராண்டு முன்னரே, 1967இல், நாற்பதைக் கடந்தவரை வயது காட்டி விலக்கலாகாது என அமெரிக்கா சட்டம் செய்தது. நம் அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவோ, அரசுப் பணியில் சமயம், இனம், சாதி, பால், மரபு, பிறப்பிடம், இருப்பிடம் பார்க்கலாகாது என்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் ஆலை வாயிலுக்கு அந்தப் பட்டியலே எட்டாது!

"இளைஞனுக்கே வேலையில்லையே, மூத்தவன் ஒதுங்கினால் என்ன?" என்று கேட்கும் தம்பிமாரும் உண்டு. தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியபோது இளைஞர் முணுமுணுத்தனர். அதில் நியாயம் உண்டு. ஆனால் நம்மவர் ஒதுங்கி எங்கே போவார்? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் 58இல்தான். அதற்கும் குறைந்தது பத்தாண்டுப் பணி பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரன் பெயரை மாற்றி மாற்றி எழுதிய ஆளுக்குப் பதிவேது? எல்லாம் சரியாய் இருந்தாலும், 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். நாற்பத்தெட்டுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடையே பத்தாண்டு. அடுப்பு எரிய வேண்டாமா?

ஆலைச் சங்கத் தோழர்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது, கூலி, போனசோடு இதையும் எழுதிச் செல்லட்டும்: வேலைக்கு எடுக்கையில் வயதைக் கேளாதே, வேலையைச் செய்துகாட்டச் சொல், நாற்பதைக் கடந்தவர் நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலி போடு. நாற்காலிக்குப் பணம் ஏது என்று முதலாளி கேட்டால், டிங்கோல்பிங் கணக்கை எடுத்து மேசைமீது வையுங்கள்.