கையில் காசு கொஞ்சம், காண நாடு பெரிது

நாலு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. "அதற்கெல்லாம் பணம் வேண்டுமே!" என்று பலர் அந்த ஆசையை அடக்கிவிடுகிறார்கள். பணம் வேண்டும்தான். ஆனால் எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

கணக்குப் பார்த்துப் பயணம் செய்த ஒருவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம்.

31 ரூபாய்ப் பயணம்

1902-ஆம் ஆண்டு. காந்தியடிகள் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நாட்டின் கிழக்கிலிருந்து மேற்குக்கு நீண்ட பயணம். ஏழை மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று தாமே அறிய விரும்பினார். அதனால் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போனார்.

12 அணாவுக்கு ஒரு கித்தான் பை வாங்கினார். அதில் கோட்டு, வேட்டி, துண்டு, சட்டை ஆகியவற்றை வைத்தார். ஒரு போர்வையும் தண்ணீர்ச் செம்பும் எடுத்துக்கொண்டார். தலைவர் கோகலே ஒரு டிபன் டப்பாவில் பூரியும் இனிப்பும் கொடுத்தனுப்பினார்.

வழியில் காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் இறங்கினார். ஊருக்கு ஒரு நாள் தங்கினார். பெரும்பாலும் தருமசாலைகளிலும் பண்டாக்களின் வீடுகளிலும் படுத்துக்கொண்டார். ரயில் கட்டணம் உட்பட மொத்தச் செலவு 31 ரூபாயைத் தாண்டவில்லை என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் 31 ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனால் அவர் செய்த நான்கு காரியங்களைக் கவனியுங்கள். மூட்டை குறைவு. வகுப்பு மலிவு. உணவு கையோடு. தங்கியது பொது இடம். இந்த நான்கும் இன்றைக்கும் உதவும்.

முதலில் ஒதுக்குங்கள்

ஒருவர் 10 நாள் பயணம் போகிறார். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. அதை 10-ஆல் வகுத்து "ஒரு நாளைக்கு 800 ரூபாய்" என்று நினைத்தால் கணக்குத் தவறும். முதலில் ரயில் டிக்கெட்டுக்கு 2,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஆபத்துக்கு என்று 1,000 ரூபாயைத் தனியே முடிந்துவைக்க வேண்டும். மீதி 5,000 ரூபாய். ஒரு நாளைக்கு 500 ரூபாய்.

தினமும் இரவில் செலவை எழுத வேண்டும். தங்கியதற்கு 200, சாப்பாட்டுக்கு 180, பேருந்துக்கு 60, டீக்கு 30. மொத்தம் 470. மிச்சம் 30 ரூபாய். ஒரு நாள் 100 ரூபாய் கூடிவிட்டால், அடுத்த இரண்டு மூன்று நாளில் அதைச் சரிக்கட்ட வேண்டும். எழுதாதவருக்குப் பணம் எங்கே போனது என்றே தெரியாது.

டிக்கெட்டில் மிச்சம்

ரயிலில் தூரம் கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே வரும். 500 கிலோமீட்டருக்கு இரண்டு டிக்கெட் எடுப்பதைவிட, 1,000 கிலோமீட்டருக்கு ஒரே டிக்கெட் எடுப்பது மலிவு.

இதனால் பயன் தருவது சுற்றுப்பயண டிக்கெட். மும்பையில் புறப்பட்டு, ஜெய்ப்பூர், ஆக்ரா, காசி, கொல்கத்தா பார்த்துவிட்டு, வேறு வழியாக மும்பைக்கே திரும்புவதாக வைத்துக்கொள்வோம். முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் கிடைக்கும். வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டு பாதியாக்கிக் கட்டணம் போடுவார்கள். பார்க்க வேண்டிய ஊர்களை வரிசையாக எழுதி, பெரிய ரயில் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துக் கேட்க வேண்டும். படுத்துத் தூங்கிப் போக, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

இரவு வண்டியில் போனால் அன்றைய தங்கும் செலவு மிச்சம். பகலில் ஊரைப் பார்க்கலாம். பையைப் பூட்டி நிலையத்தின் கிளோக் ரூமில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட் கையில் வந்ததும் படித்துப் பாருங்கள். எங்கிருந்து, எதுவரை, எத்தனை பேர், எவ்வளவு ரூபாய் என்று அதில் இருக்கும். அச்சிட்ட தொகைக்கு மேல் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டாம். இடைத்தரகர் கூடுதலாகக் கேட்பது படிக்கத் தெரியாதவரிடம்தான். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் இல்லாமல் ஏறினால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

உணவும் உறைவிடமும்

யாத்திரைத் தலங்களில் சத்திரங்களும் தருமசாலைகளும் நிறைய உண்டு. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் பேர்பெற்றது. தங்கப் போகிறவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வாடகை என்ன, கதவு எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் இரவும் பகலும் உணவு இலவசம். இதற்கு லங்கர் என்று பெயர். நாள்தோறும் 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். நீ யார், என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. தலையைத் துணியால் மூடி, செருப்பை வெளியே விட்டு, எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. இது பிச்சை அல்ல. சாப்பிட்டவர் விரும்பினால் காய் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம்.

ரயில் நிலையங்கள் சிலவற்றில், பொதுப் பெட்டி நிற்கும் இடத்தருகே மலிவுச் சாப்பாடு விற்கும் ஏற்பாடு 2023-இல் தொடங்கியது. ஏழு பூரி, உருளைக்கிழங்குக் கறி, ஊறுகாய் சேர்ந்த பொட்டலம் 20 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள்.

எதில் சிக்கனம் கூடாது?

தண்ணீரில் கூடாது. கண்ட தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்தால், மிச்சம் பிடித்த பணம் மருந்துக்குப் போகும். உடம்பும் கெடும்.

தூக்கத்திலும் கூடாது. பொதுப் பெட்டியில் நெரிசல் அதிகம். பகலில் சில மணி நேரம் அதில் போகலாம். இரண்டு இரவு உட்கார்ந்தே போனால், மூன்றாம் நாள் எந்தக் கோட்டையையும் பார்க்கத் தெம்பு இருக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் படுக்கையை முன்பதிவு செய்வதே நல்லது.

பாதுகாப்பிலும் கூடாது. பணத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டத்தைச் சாப்பிட வேண்டாம். இரவில் தெரியாத ஊரில் இறங்கினால், பொழுது விடியும்வரை நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே இருங்கள். ரயிலில் உதவி வேண்டுமானால் 139. மற்ற ஆபத்துக்கு 112. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாஜ்மகாலும் கங்கைக்கரையும் பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அவை நமக்கும் சொந்தம். எழுத்துக் கூட்டிப் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவர், கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர், யார் கையையும் பிடிக்காமல் போய் வரலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கணவன், மனைவி இருவர். கையில் 12,000 ரூபாய். டிக்கெட்டுக்கு 4,000. ஆபத்துக்கு 2,000. பயணம் 6 நாள். இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?