நிற்கும் சொல்லும் நடக்கும் சொல்லும்

மாணவர்களே, 'குழந்தைகள் வெளியே ஓடுகிறார்கள்' என்னும் வாக்கியத்தைச் சற்று நோக்குங்கள். வீட்டினுள் இருந்த குழந்தைகள் வாயிலைக் கடந்து ஓடுகிறார்களா? முன்னரே முற்றத்தில் இருப்பவர்கள் அங்கேயே ஓடியாடுகிறார்களா? இரு பொருளுக்கும் இவ்வாக்கியம் இடம் தருகிறது. இடமறிந்து கேட்கும் நமக்கு இதனால் இடர் இல்லை. நார்வே நாட்டு மொழியில் இப்படிப் பேச இயலாது. வெளியே செல்வதற்கு 'ஊட்' என்றும், வெளியே இருப்பதற்கு 'ஊட்டெ' என்றும் அங்கே தனித்தனிச் சொற்கள் உண்டு. குழந்தைகள் 'ஊட்' ஓடினால் வாயிலைக் கடக்கிறார்கள். 'ஊட்டெ' ஓடினால் முற்றத்தில் ஆடுகிறார்கள்.

பெர்ன்ஹில்லில் ஓய்வு பெற்றிருக்கும் ஆசிரியனுக்கு நார்வே மொழியோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். தாதிப் பயிற்சி பெற்ற என் பழைய மாணவி ஒருத்தி, அந்நாட்டு முதியோர் இல்லத்தில் பணிபுரிய விரும்பி அம்மொழியைக் கற்கத் தொடங்கினாள். மாலைதோறும் பாடநூலுடன் என்னிடம் வருவாள். அவளுடன் நானும் கற்றேன். ஐரோப்பாவுக்கு அப்பாலிருந்து செல்லும் தாதியர் மொழித் தேர்வில் தேறினாலன்றி அங்கே உரிமம் பெற இயலாது. தேர்வைவிடப் பெரிய காரணமும் உண்டு. பனி உறையும் இரவில் ஒரு மூதாட்டி 'ஊட்' போனார் என்றால் இப்பொழுதுதான் கதவைக் கடந்தார் என்பது பொருள். 'ஊட்டெ' இருக்கிறார் என்றால் வெளியிலேயே நிற்கிறார் என்பது பொருள். பணி முடிந்து செல்லும் தாதி அடுத்தவளிடம் இவற்றுள் எதைச் சொல்கிறாள் என்பது அற்பமான இலக்கணச் செய்தி அன்று.

அந்நாட்டில் தமிழர் இச்சொற்களைக் கற்பது புதிதன்று. 1980-களிலும் 1990-களிலும் இலங்கைத் தமிழர் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கடற்கரையில் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தனர். யாழ்ப்பாணத்தார் நாவில் உகரச் சுட்டு இன்றும் வாழ்கிறது. அவர்களுக்கு இங்கை, அங்கை என்பவற்றோடு உங்கையும் உண்டு. நார்வே மொழியில் அண்மை, சேய்மை என்னும் இரண்டே உள்ளன. ஆயினும் அவை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகின்றன. இங்கே இருப்பது 'ஹேர்', இங்கே வருவது 'ஹீட்'. அங்கே இருப்பது 'டேர்', அங்கே செல்வது 'டீட்'. பேச்சில் 'ஹீட்' வரவேண்டிய இடத்தில் 'ஹேர்' வருவதும் உண்டு. அதை யாரும் குறை கூறார்.

பிற சொற்களில் இந்த நெகிழ்ச்சி இல்லை. உள்ளே என்பதற்கு இன், இன்னெ. மேலே என்பதற்கு ஒப், ஒப்பெ. கீழே என்பதற்கு நேட், நேடெ. வீட்டைக் குறிக்க யெம், யெம்மெ. குறுகிய சொல் நடக்கிறது. எகரம் பெற்று நீண்ட சொல் நிற்கிறது.

தமிழர் இங்கே ஏன் தயங்குகிறோம்? நம் மொழியில் திசையைச் சுமப்பது பெரிதும் வினைச்சொல்லே. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைகளை நோக்கியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையை நோக்கியவை என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். 'இங்கே இரு', 'இங்கே வா' என்னும் இரண்டிலும் 'இங்கே' மாறுவதில்லை. நார்வேயரோ வினையையே விட்டுவிடுவதும் உண்டு. 'யை மோ யெம்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நான், வேண்டும், வீட்டுக்கு' என்று வரும். போதல் என்னும் வினை அங்கே இல்லை. 'யெம்' என்பதே போகிறது. அவ்விடத்தில் 'யெம்மெ' என்று சொன்னால் வாக்கியம் குலைந்துவிடும்.

எனினும் இந்த வேற்றுமை நமக்கு முற்றும் அயலானதன்று. 'வீட்டில்' என்பது ஏழாம் வேற்றுமை. 'வீட்டுக்கு' என்பது நான்காம் வேற்றுமை. பெயர்ச்சொல்லில் நாம் நாள்தோறும் செய்யும் பிரிவை நார்வேயர் இடச்சொல்லிலும் செய்கின்றனர், அவ்வளவே. ஆகவே ஐயம் எழும்போதெல்லாம் 'இடத்தில்', 'இடத்துக்கு' என்று மாற்றிப் பார்க்கும்படி அவளுக்குச் சொன்னேன். மலைவாசிகளாகிய நாங்கள் 'கீழே' என்றால் மேட்டுப்பாளையத்தையும் கோவையையும் குறிப்போம். 'தம்பி கீழே வேலை செய்கிறான்' என்றால் கீழிடத்தில், ஆகவே நேடெ. 'தம்பி கீழே போனான்' என்றால் கீழிடத்துக்கு, ஆகவே நேட்.

இயக்க வினை வந்தால் குறுகிய சொல் என்று சுருக்கமாகக் கற்பிப்பாரும் உளர். அவ்விதி போதாது என்பது என் கருத்து. முற்றத்தில் ஓடும் குழந்தையும் இயங்கத்தான் செய்கிறது; ஆயினும் அது 'ஊட்டெ' ஓடுகிறது. இயக்கம் உண்டா என்று கேளாதீர்கள். எல்லை கடக்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஆங்கிலத்திலும் ஹியர், ஹிதர் என்னும் பிரிவு முன்னாளில் உயிரோடிருந்தது. ஷேக்ஸ்பியரைப் படிக்கும் கல்லூரி மாணவர் இதனை அறிவர்.

இனி ஒரு பயிற்சி. 1908-இல் பெர்ன்ஹில்லை எட்டிய நமது மலை இரயிலையே எடுத்துக்கொள்வோம். வண்டி குன்னூரிலிருந்து மேலே வருகிறது. பயணிகள் உள்ளே அமர்ந்திருக்கிறார்கள். சிறுவன் ஒருவன் சன்னல் வழியே வெளியே பார்க்கிறான். முதலாவது ஒப்; இரண்டாவது இன்னெ. மூன்றாவதில்தான் என் மாணவி சற்று நின்றாள். சிறுவன் இருக்கையை விட்டு அசையவில்லையே என்றாள். அவன் அசையவில்லை; அவன் பார்வை சன்னலைக் கடந்துவிட்டது. ஆகவே, ஊட்.