வானிலிருந்து செம்பு தேடும் முறை

பூமிக்குள் கிடக்கும் செம்பையும் தங்கத்தையும் விமானத்தில் பறந்தபடியே கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். சுரங்கக் கம்பெனிப் பங்கு வாங்கச் சொல்லி வருகிறவர்கள் இந்த ஆய்வின் வண்ணப் படங்களைக் காட்டுவதும் உண்டு. அதன் மதிப்பு எவ்வளவு என்பதை வணிக அன்பர்கள் அறிந்திருப்பது நல்லது.

விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ பெரிய கம்பிச் சுருளைப் பொருத்தி, மாறும் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். அதனால் எழும் காந்தப்புலம் தரைக்குள் இறங்கும். கீழே மின்சாரம் கடத்தும் பொருள் இருந்தால் அதில் மின்னோட்டம் உண்டாகி, மெல்லிய காந்தப்புலம் ஒன்று மேலே திரும்பும். அதை வேறொரு கருவி பதிவு செய்யும். கந்தகம் கலந்த செம்புத் தாது நன்றாகக் கடத்தும். ஆனால் பென்சிலில் உள்ள கிராபைட்டும், உப்பு நீரும், ஈரக் களிமண்ணும்கூடக் கடத்தும்! கருவிக்குப் பேதம் தெரியாது. தங்கமோ ஒரு டன் பாறையில் சில கிராம்தான் இருக்கும். அதைக் கருவி நேராகக் காணாது. தங்கத்தோடு சேர்ந்திருக்கக் கூடிய கந்தகத் தாதுவைக் காட்டினால் உண்டு.

ஆகவே துளையிட்டுப் பார்த்தே தீர வேண்டும். நாம் மூட்டையில் குத்தூசி விட்டு அரிசி பார்ப்பது போலத்தான்.

1959ஆம் ஆண்டு டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்கக் கம்பெனி கனடாவில் 15,000 சதுர மைலுக்கு மேல் பறந்து ஆய்வு செய்தது. அடையாளங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று டிம்மின்ஸ் நகருக்கு அருகே. அங்கே துளையிட்டது 1963 நவம்பரில்தான். முதல் துளையிலேயே செம்பும் துத்தநாகமும் வந்தன. கம்பெனி வாய் திறக்காமல் சுற்றியுள்ள நிலங்களை வாங்கியது. விஷயம் அறிந்த அதிகாரிகள் சிலர் பங்குகளையும் வாங்கிக் கொண்டனர். 1964 ஏப்ரல் 16இல் செய்தி வெளியாயிற்று. நவம்பரில் 17 டாலர் இருந்த பங்கு மே மாதம் 58 டாலரானது. விவரம் தெரியாமல் முன்பே விற்றவர்களுக்கு நஷ்டம். 1968இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அதிகாரிகள் செய்தது குற்றம் என்றது.

இந்தப் பரபரப்பில் பக்கத்து நிலத்தில் துளையிட்டது விண்ட்ஃபால் என்ற சிறு கம்பெனி. 1964 ஜூலையில் துளையைப் பாதியில் நிறுத்தி, எடுத்த பாறையைச் சோதனைக்கு அனுப்பாமல் நாள் கடத்தியது. வதந்தியிலேயே அரை டாலர் பங்கு ஐந்தரை டாலரைத் தாண்டிற்று. மாதக் கடைசியில் விற்கத்தக்க தாது எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். மறுநாளே விலை ஒரு டாலர் அளவுக்கு வந்துவிட்டது.