ஐந்தா, ஆறா?

சுழல் – 14

போன வாரம் கோல்ட் நிறுவனத்தின் ஃபிட்ஸ்ஜெரால்டை, தோல் வைத்துத் தைத்த கால்சட்டைப் பைகள் இரண்டிலும் வெட்டிக் குறுக்கிய ரிவால்வர்களோடு நிறுத்திவிட்டு வந்தோம்.  

இந்த இதழில் துப்பாக்கி உறைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால் சிலிண்டரின் வெளிப்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் ஒரு சின்னப் பள்ளம் இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. அதைச் சொல்லாமல் உறைக்குப் போக மனம் வரவில்லை.

முதலில் களம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி ஒரு காலத்தில் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 1987இல் ஃப்ளோரிடா, தகுதி உள்ளவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தது. அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் அதே வழிக்கு வந்தன. கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்கும் சல்லிவன் சட்டத்தை 1911இலேயே இயற்றிய நியூயார்க், வேறு சில மாநிலங்களோடு சேர்ந்து கடைசிவரை அசையவில்லை. தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்ற அதன் நிபந்தனையை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் ரத்து செய்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே தேவையில்லை. போலீஸ்காரருக்கும் துப்பறிவாளருக்கும் என்று செய்யப்பட்ட குட்டி ரிவால்வர் இப்படித்தான் இன்னும் நிறையச் சாதாரண மனிதர்களின் பைக்குள் வந்தது.

அவர்கள் கடையில் நின்று தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் ஐந்தா, ஆறா என்பது.

ஆறு தோட்டாவுக்கு வழிகாட்டி கோல்ட். 1927இல் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் இரண்டு அங்குலக் குழலும் ஆறு அறைகளும் கொண்டது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அதற்குச் சரியான போட்டி இல்லை. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிலிண்டரைத் தாங்கும் உடலான சட்டத்தைப் புதிதாக, சிறிதாகச் செய்தது. அதே .38 ஸ்பெஷல் தோட்டா, ஆனால் ஐந்தே அறைகள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அதை வைத்து, என்ன பெயர் வைக்கலாம் என்று அவர்களிடமே கேட்டார்கள். சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயர் அப்படி வந்தது. 1957இல் மாடல் 36 என்ற எண்ணும் சேர்ந்தது. கோல்ட்டின் சிலிண்டர் சுமார் 36 மில்லிமீட்டர் விட்டம் என்றால் இது சுமார் 33. மேசையில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பையில் கிடக்கும்போது துணிக்கு வெளியே அதிகம் புடைப்பது சிலிண்டர்தான். அங்கே மூன்று மில்லிமீட்டர் நிறைய.

ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்து மூன்று மில்லிமீட்டரை வாங்கினார்கள் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். விட்டுக்கொடுத்ததில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அந்தப் பள்ளம் அங்கேதான் வருகிறது.

ஒவ்வொரு முறை டிரிகரை இழுக்கும்போதும் சிலிண்டர் ஓர் அறை அளவு சுழன்று, அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். பிசகினால் குழலின் விளிம்பு குண்டைச் சீவிவிடும். அதைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்த, சட்டத்தின் அடியிலிருந்து ஒரு சிறு எஃகு நாக்கு எழும்பி, சிலிண்டரின் வெளிப்புறப் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். அறைக்கு ஒரு பள்ளம்.

இப்போது ஒரு காகிதத்தில் வட்டம் போடுங்கள். அதன்மேல் சம இடைவெளியில் ஆறு புள்ளிகள் வைத்து, ஒன்றை நேர் உச்சியில் நிறுத்துங்கள். குழல் இருப்பது உச்சியில், நாக்கு இருப்பது அடியில். நேர் அடியில் என்ன இருக்கிறது? இன்னொரு புள்ளி. அதாவது இன்னொரு அறை. அறைக்கும் சிலிண்டரின் வெளிப்புறத்துக்கும் நடுவே எஃகு மிகவும் மெலிந்திருக்கும் கோட்டின் மேலேயே பள்ளத்தை வெட்ட வேண்டிவருகிறது. தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்தச் சுவர். இதைத் தவிர்க்கத்தான் சில ஆறு அறை ரிவால்வர்களில் நாக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு வட்டம், ஐந்து புள்ளிகள். ஒன்று உச்சியில். நேர் அடியில் இப்போது வெறும் இடம்! இரண்டு அறைகளுக்கு நடுவே, உலோகம் கனமாக இருக்கும் இடத்தில் பள்ளம் தானாகப் போய் விழுகிறது. எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனதாலேயே பலவீனமான இடம் மறைந்துவிடுகிறது. சட்டம் சின்னது, சிலிண்டர் சின்னது, சுவர் மெலிது. இருந்தும் இந்த வகைச் சட்டத்தில் இன்று .357 மேக்னம் போன்ற காரமான தோட்டாவைச் சுட முடிகிறதென்றால் அதில் இந்த வடிவியலுக்கும் பங்கு உண்டு. எத்தனையோ வருடமாக இந்தப் படங்களைப் பார்த்துவருகிறேன். ஐந்து என்பது குறை என்றே நினைத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு வட்டங்களைப் போட்டுக் காட்டினால் போதும்.

ஆறு வேண்டும், சிறிதாகவும் வேண்டும் என்றால் தோட்டா மெலிய வேண்டும். ரூகர் எல்சிஆர் .38இல் ஐந்து, .327இல் ஆறு. நம் நாட்டிலும் 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை, டெல்லி நிர்பயாவின் நினைவாகக் கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வர் .32 தோட்டா ஆறு கொண்டது, எடை சுமார் 500 கிராம். அதே கணக்கு.

சிலிண்டர் சுழன்றால்தான் ரிவால்வர். இதை ஒரு மனிதர் கையாலேயே நிரூபித்திருக்கிறார். 1963 நவம்பர் 24, டல்லாஸ் காவல் தலைமையகத்தின் கீழ்த்தளம். கென்னடி கொலை வழக்கில் பிடிபட்ட ஆஸ்வால்டை இரண்டு துப்பறிவாளர்கள் இருபுறமும் அழைத்து வருகிறார்கள். கூட்டத்திலிருந்து பாய்ந்த ஜாக் ரூபி கோல்ட் கோப்ராவால் சுட்டான். டிடெக்டிவ் ஸ்பெஷலின் அலுமினியச் சட்ட வடிவம்தான் கோப்ரா, ஆறு தோட்டா. ஒன்றுதான் வெடித்தது. ஆஸ்வால்டின் இடது பக்கம் வந்த எல். சி. கிரேவ்ஸ், ரூபியின் துப்பாக்கியைச் சிலிண்டரோடு சேர்த்து இறுகப் பற்றிவிட்டார். ரூபியின் விரல்கள் டிரிகரை இழுக்க இன்னும் முயன்றுகொண்டிருந்ததை அவர் வாரன் விசாரணைக் குழுவிடம் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் திரும்பாவிட்டால் டிரிகர் வராது. கைகலப்பு தூரத்தில் ரிவால்வரை எடுப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். விற்பனைக் கையேடுகளில் இது இருக்காது.

எடை. ஆசை காட்டி ஏமாற்றும் இடம் இதுதான். எஃகு மாடல் 36 சுமார் 550 கிராம். அதே நிறுவனத்தின், அலுமினியச் சட்டமும் எஃகுச் சிலிண்டரும் கொண்ட 642 சுமார் 425. ஸ்கேண்டியம் கலந்த சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட 340பிடி சுமார் 330 கிராம்தான். அதில் மேக்னமும் போடலாம். கடையில் கையில் எடுத்தவுடன் மனம் அதன் பக்கம் சாயும். சுட்டுப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். எடை குறையக் குறைய உதை கூடும். ஐந்து தோட்டா சுட்டதும் உள்ளங்கையும் கட்டைவிரல் அடியும் காந்தும். இரண்டாவது ஐந்துக்கு ஆள் தயங்குவார். இன்னொரு தொல்லையும் உண்டு. உதையில் துப்பாக்கி பின்னே குதிக்கும்போது, சுடப்படாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் உறையும் கூடவே பின்னுக்கு வருகிறது; குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. வாயை இறுக்கமாக மடிக்காத தோட்டாவில் குண்டு மெல்ல மெல்ல முன்னே நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, சட்டத்தில் இடித்துச் சுழற்சியையே நிறுத்திவிடும். பயிற்சி செய்யத் தோன்றாத துப்பாக்கியைப் பையில் சுமப்பதைவிட 100 கிராம் கூடுதலாகச் சுமப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

எடை குறைக்கும் வெறி புதிதல்ல. ஐம்பதுகளில் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளுக்காகச் சிலிண்டரையும் அலுமினியத்திலேயே செய்யச் சொல்லி வாங்கியது. அலுமினியம் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. காரம் குறைந்த தோட்டா கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்தார்கள். தப்பியவை இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போகின்றன.

ஹேமர் விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வால் நீட்டிய ஹேமர் பையின் விளிம்பில் மாட்டும். ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த வாலை அரத்தால் ராவிச் செய்ததை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1952இல், தன் நூறாவது ஆண்டில், சென்டென்னியல் என்ற மாடலில் ஒழுங்காகச் செய்தது: ஹேமர் முழுவதும் சட்டத்துக்குள். இழந்தது, ஹேமரைக் கையால் பின்னிழுத்து மெல்லச் சுடும் வசதி. அந்த வசதி இந்தத் துப்பாக்கிக்குத் தேவையில்லை.

ஆனால் அதனால் ஒவ்வொரு முறையும் நீண்ட, கனத்த டிரிகர்தான். ஐந்தரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். 642இன் சொந்த எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேல். விரல் இழுக்க இழுக்கக் குழல்முனை அலையும். குறிபார்க்க மேலே ஒரு வரிப்பள்ளமும் முன்னே ஒரு முளையும்தான். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சுட்டு முடித்தபின் சிலிண்டரை வெளியே சாய்த்து, காலித் தோட்டா உறைகளைத் தள்ளும் கம்பியை அழுத்த வேண்டும். குழல் குட்டையானதால் கம்பியும் குட்டை. காலி உறைகள் பாதி வழியில் நின்றுவிடும். முனையை வானம் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் ஓங்கி ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். இதையெல்லாம் காலித் துப்பாக்கியில், தோட்டாப் பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பொறுமையாகப் பழகியவருக்கே இந்தக் குட்டி ஆயுதம் பயன்படும். தேர்வு செய்யச் சொன்னால் நான் கைகாட்டுவது 642ஐ. இடுப்பில் வைப்பவருக்கு என்றால் எஃகில் செய்த 640. மேக்னத்துக்கு ஆன துப்பாக்கிதான் அது, ஆனால் போடவேண்டியது .38 மட்டும்.

உறைக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த இதழில் அதுதான்: பைக்கு உள்ளேயும் ஏன் உறை வேண்டும், டிரிகரை மூடாத உறையால் வரும் விபத்து, அதே பையில் சாவியும் சில்லறையும் ஏன் கூடாது. கூடவே 1887இல் வந்த ‘எலுமிச்சை பிழியும்’ ரிவால்வரின் பிடிப் பூட்டையும் பார்த்துவிடுவோம்.

(சுழலும்)