உணவுக் குழலில் அரிதாகத் தோன்றும் கட்டிகள்

முதலில் சோறு இறங்குவதில்லை. சில வாரங்கள் சென்றபின் கஞ்சியும் தயங்கித் தயங்கி இறங்கும். இறுதியில் நீரும் மேலெழும். கிராமந்தோறும் செல்லும் சுகாதார ஊழியர்கள் இவ்வரிசையை நன்கறிவர். உணவுக் குழல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக் குழாய், விரியும் இயல்புடையது. ஆதலின் உள்வழி பெரிதும் சுருங்கிய பின்னரே நோயாளி முறையிடத் தொடங்குகிறார்.

இக்குழலில் எழும் புற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை இரு வகையினவே. உட்போர்வையின் தட்டைச் செல்களிலிருந்து எழுவது ஒன்று. நம் நாட்டில் இதுவே மிகுதி. புகையிலையும் மதுவும் இதற்குத் துணை. குழல் இரைப்பையோடு சேருமிடத்தில் பெரும்பாலும் தோன்றும் சுரப்பிச் செல் வகை மற்றொன்று. இவ்விரண்டும் நீங்க எஞ்சும் சிறு தொகுதியே ஈண்டு நாம் கருதுவது. எண்ணிக்கை சிறிதெனினும், பெயர் தவறினால் சிகிச்சையும் தவறிவிடும்.

திருவனந்தபுரத்தில் 1951-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1981-இல் அவ்வளாகத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் தமிழ் பேசும் நோயாளிகள் பலர் அங்குச் செல்கின்றனர். இத்தகைய மையங்களில் நோயின் பெயரை முடிவு செய்பவர் பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே காணாதவர். நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நோய்க்குறியியல் நிபுணர்.

அவரை ஏமாற்றவல்ல கட்டி ஒன்று உண்டு. ரஷ்ய நிபுணர் அப்ரிக்கோசாவ் 1926-இல் விவரித்த குறுமணிச் செல் கட்டி அது. உள்நோக்குக் குழாயின் வழியே காண, மஞ்சள் நிறமான சிறு மேடாகத் தோன்றும், பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அதன் மேலுள்ள போர்வை தடித்து, வேர் விட்டாற்போல் கீழ்நோக்கி இறங்குவதுண்டு. மேற்பகுதியை மட்டும் கிள்ளி எடுத்த துணுக்கில் அது தட்டைச் செல் புற்றாகவே காட்சியளிக்கும். அவ்வாறே முடிவு எழுதப்பட்டால், தீங்கற்ற மேடொன்றிற்காக ஒருவர் தம் உணவுக் குழலையே இழக்க நேரலாம். ஆழத்திலிருந்து எடுத்த துணுக்கில் எஸ்-100 என்னும் புரதத்திற்கான சாயச் சோதனை செய்தால் ஐயம் பெரிதும் நீங்கும். இக்கட்டி நரம்பு உறைச் செல்களில் பிறப்பது என்பதே இன்றைய கொள்கை. பழைய நூல்களோ இதனைத் தசையின் கருச் செல்களில் பிறப்பதாகக் கருதிப் பெயரிட்டன. மொழிபெயர்ப்பாளர் அப்பெயரை அவ்வண்ணமே தமிழாக்கினால் பழைய தவறொன்று நம் மொழியிலும் குடியேறிவிடும்!

மென்தசைக் கட்டி, தீங்கற்றவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. இது போர்வைக்கு அடியில், தசைக்குள் வளர்வதால் மேலே கிள்ளினால் வெறும் போர்வையே கிடைக்கும்; அவ்வடு பின்னர் அறுவைக்கும் இடையூறாகும். இதனையே ஒத்த தோற்றமுடையது ஜிஸ்ட் எனப்படும் கட்டி. இரைப்பையில் ஜிஸ்ட் மிகுதி, உணவுக் குழலில் மென்தசைக் கட்டி மிகுதி என்பது விந்தையே. ஜிஸ்ட் கட்டியில் கிட் என்னும் மரபணு மாறுபட்டிருப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். அதன் பயனாக இமாட்டினிப் மாத்திரை இந்நோய்க்கு வழங்கப்படலாயிற்று. மென்தசைக் கட்டிக்கு அம்மாத்திரையால் பயனில்லை.

கொடியவையும் உள. 1952-இல் முதன்முதல் விவரிக்கப்பெற்ற சிறு செல் புற்று விரைந்து பரவும். இதற்கு மருந்துச் சிகிச்சையே முதன்மை. நிறமிச் செல்களில் எழும் மெலனோமாவோ பெயருக்கேற்பக் கருமையாயிருக்கும் என நம்புதற்கில்லை. நிறமே இன்றித் தோன்றி வேறு புற்றென மயக்குவதும் உண்டு.

இம்முடிவுகள் அனைத்தும் எள்ளளவான துணுக்குகளைச் சார்ந்தவை. துணுக்கை வெறும் நீரில் இட்டு அனுப்பினால் செல்கள் சிதைந்துவிடும். 10 சதவீதப் பார்மலின் கரைசலில், துணுக்கின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு கரைசல் இருக்குமாறு, உடனே இடவேண்டும். உடன் செல்லும் தாளில் நோயாளியின் வயது, எவ்வுணவு எப்போதிலிருந்து இறங்கவில்லை, எடை எவ்வளவு குறைந்தது, துணுக்குக் குழலின் எவ்விடத்தது என்பன எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அத்தாளின் முதல் இரண்டு வரிகளைச் செம்மையாகக் கேட்டெழுதக் கூடியவர், பெரும்பாலும், நோயாளியை அவர் வீட்டுத் திண்ணையில் முதன்முதல் சந்தித்த ஊழியரே.